மான்ட்காமரியிலிருந்து ஓரெம் வரை

அலபாமா மாநிலத்தின் தலைநகரான மான்ட்காமரியில், ஊர் முழுவதும் தெரிகிற ஒரு மேட்டின் மேல், துருவின் நிறத்தில் எண்ணூறுக்கும் மேற்பட்ட எஃகுப் பாளங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆள் உயரம். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கவுன்டியின் பெயர்; அதற்குக் கீழே அந்தக் கவுன்டியில் கும்பல் சேர்ந்து கொன்ற கறுப்பின மக்களின் பெயர்களும் தேதிகளும். பெயர் கிடைக்காத இடத்தில் ‘தெரியவில்லை’ என்றே வெட்டியிருக்கிறார்கள். நுழைகிற இடத்தில் பாளங்கள் முகத்துக்கு நேராக நிற்கின்றன. பெயர்களை விரலால் தடவிப் படிக்கலாம். உள்ளே போகப் போகத் தரை சரிந்து இறங்குகிறது. பாளங்கள் அதே மட்டத்தில் இருக்க, நாம் மட்டும் கீழே போகிறோம். பாதி தூரம் கடந்தபின் அவை தலைக்கு மேலே தொங்குகின்றன. அண்ணாந்துதான் பார்க்க முடியும். மரத்தில் தொங்கிய உடலைச் சுற்றி நின்ற அந்தக் காலத்துக் கூட்டம் எப்படிப் பார்த்ததோ, அதே இடத்தில் பார்வையாளரைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது அந்தக் கட்டுமானம்.

2018 ஏப்ரலில் திறக்கப்பட்ட இந்த நினைவிடத்தை அமைத்தது, வழக்கறிஞர் பிரையன் ஸ்டீவன்சன் தொடங்கிய ஈக்வல் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு. 1877க்கும் 1950க்கும் இடையில் இப்படிக் கொல்லப்பட்ட 4,400க்கும் மேற்பட்டவர்களை அது ஆவணப்படுத்தியிருக்கிறது. அந்தக் காலத்துப் புகைப்படங்களில் கொன்றவர்களைவிட அதிகமாகக் கண்ணில் படுகிறவர்கள் வேடிக்கை பார்த்தவர்கள். நல்ல உடை உடுத்தி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்த சாதாரண ஊர்மக்கள். அந்தப் படங்களைத் தபால் அட்டையாக அச்சடித்து உறவினர்களுக்கு அனுப்பினார்கள். முகங்கள் அத்தனை தெளிவாகப் பதிந்திருந்தும், மரண விசாரணையில் ‘அடையாளம் தெரியாத நபர்களால்’ என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். கும்பல் கொலையைத் தேசியக் குற்றமாக்க வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஏறக்குறைய 200 முறை முயன்றார்கள். இப்படிக் கொல்லப்பட்ட எம்மெட் டில் என்ற சிறுவனின் பெயர் தாங்கிய அந்தச் சட்டம் நிறைவேறியது 2022 மார்ச்சில்தான்.

இன்றைய அமெரிக்காவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே விளக்கத்தைத் தருகிறார்கள்: நாடு இரண்டாகப் பிளந்துவிட்டது, கருத்து வேறுபாடு முற்றிப்போய்விட்டது, அதனால் ரத்தம் சிந்துகிறது. மான்ட்காமரியில் தொடங்கி இன்னும் சில ஊர்களின் வழியாகப் போனால் இந்த விளக்கம் போதாது என்று தெரியும். துப்பாக்கியையோ குண்டையோ கையில் எடுக்கிறவர்கள் எந்தக் காலத்திலும், எந்தப் பக்கத்திலும், விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தாம். அவர்களுடைய வன்முறை ஒரு சம்பவத்தோடு நிற்குமா, வழக்கமாக வேர்பிடிக்குமா என்பதை அவர்களுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் தீர்மானிக்கிறார்கள். அதே கட்சி, அதே மதம், அதே நிறம், அதே ஊர் என்று சொந்தம் கொண்டாடக்கூடியவர்கள், நடந்ததைக் கண்டிக்கிறார்களா, சப்பைக்கட்டு கட்டுகிறார்களா என்பதே கேள்வி. எதிர்த்தரப்பின் கண்டனத்தால் இதில் எந்தப் பயனும் இல்லை. அது எப்போதும் கிடைக்கும். சொந்தத் தரப்பின் கண்டனமே கொலைகாரனைத் தனியாளாக்குகிறது.

மான்ட்காமரியிலிருந்து வடக்கே நெடுஞ்சாலை 65இல் 150 கிலோமீட்டர் போனால் பர்மிங்ஹாம். பதினாறாம் தெரு பேப்டிஸ்ட் தேவாலயம் அங்கே இருக்கிறது. 1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை காலை, வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் கிளானின் ஆட்கள் படிக்கட்டின் அடியில் வைத்த டைனமைட் வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். ஒருத்திக்கு 11 வயது, மற்ற மூவருக்கும் 14. யார் செய்தது என்பது ஊருக்கு ஓரளவு தெரிந்தே இருந்தது. மத்தியப் புலனாய்வுத் துறையும் இரண்டு ஆண்டுகளுக்குள் பெயர்களைக் கண்டுபிடித்துவிட்டது. ஆனாலும் முதல் குற்றவாளிக்குக் கொலைக் குற்றத்துக்கான தண்டனை கிடைத்தது 1977இல். இரண்டாவது ஆளுக்கு 2001இல். மூன்றாவது ஆளுக்கு 2002இல். குண்டு வெடித்த மறுநாள், சார்ல்ஸ் மார்கன் என்ற இளம் வெள்ளை வழக்கறிஞர் அந்த ஊர் வணிகர் சங்கக் கூட்டத்தில் எழுந்து, குண்டு வைத்தது யார் என்று கேட்டு, நாம் எல்லோரும்தான் என்று தானே பதிலும் சொன்னார். வெறுப்பைப் பேசிய அரசியல்வாதி, அதைக் கேட்டுச் சும்மா இருந்த கனவான், கேலியாகச் சிரித்த பக்கத்து வீட்டுக்காரர் என்று அனைவரையும் அவர் குற்றத்தில் சேர்த்தார். அதற்குக் கிடைத்த பலன் கொலை மிரட்டல்கள். தொழிலை மூடிவிட்டு ஊரைவிட்டே போக வேண்டியதாயிற்று. 1963இல் அந்த ஊரில் குண்டு வைத்தவர்கள் வீட்டில் இருந்தார்கள்; கண்டித்தவருக்கு ஊரில் இடமில்லை. தேவாலயத்தின் மேல்தளத்தில் இன்று ஒரு வண்ணக் கண்ணாடிச் சாளரம் இருக்கிறது: கறுப்பு நிறக் கிறிஸ்து, விரித்த கைகள். பிரிட்டனின் வேல்ஸ் பகுதி மக்கள் சில்லறைக் காசுகளாகச் சேர்த்து அனுப்பிய பணத்தில் செய்தது அது.

அந்த அலபாமா மாறவே இல்லை என்று சொல்ல முடியாது. கறுப்பரும் வெள்ளையரும் மணந்துகொள்வதை ஏற்கிறீர்களா என்று கேலப் நிறுவனம் 1958இல் அமெரிக்கர்களைக் கேட்டபோது, ஏற்கிறோம் என்றவர்கள் 4 சதவீதம். 2021இல் அதே கேள்விக்கு 94 சதவீதம். இவ்வளவு பெரிய மனமாற்றம், ஒருவருடைய ஆயுள் காலத்துக்குள், உலகில் அரிதாகவே நடந்திருக்கிறது. அதற்குள்ளேயும் மேடுபள்ளங்கள் உண்டு: கலப்பு மணத்தைத் தடைசெய்யும் வாசகத்தை அலபாமா தன் அரசியல் சட்டத்திலிருந்து நீக்கியது 2000ஆம் ஆண்டில்தான், அப்போதும் வாக்களித்தவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் அது இருக்கட்டும் என்றார்கள். ஒருபால் திருமணத்துக்கு 1996இல் 27 சதவீதமாக இருந்த ஆதரவு இப்போது 70 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. ஆனால் குடியரசுக் கட்சியினரிடையே 2021இல் 55 சதவீதமாக இருந்தது 2025இல் 41ஆகச் சரிந்துவிட்டது. மனமாற்றம் ஒரே திசையில் ஓடும் ஆறு என்று நம்பி உட்கார்ந்திருக்க இடமில்லை. இருந்தாலும் மொத்தமாகப் பார்த்தால், 1963இன் அமெரிக்கரைவிட இன்றைய அமெரிக்கர் பக்கத்து வீட்டுக்காரரை ஏற்பதில் பல மடங்கு தாராளமானவர்.

பிறகு ஏன் இந்தக் கொதிப்பு? வெறுப்பு இடம் மாறியிருக்கிறது. உங்கள் மகனோ மகளோ எதிர்க்கட்சிக்காரரை மணந்தால் வருத்தப்படுவீர்களா என்ற கேள்விக்கு, 1960இல் ஆம் என்றவர்கள் 5 சதவீத அளவுதான். 2010இல் ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒரு பங்கு, குடியரசுக் கட்சியினரில் பாதிப் பேர் ஆம் என்றார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் மற்ற அமெரிக்கர்களைவிட ஒழுக்கம் கெட்டவர்கள் என்று நினைத்த குடியரசுக் கட்சியினர், பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி, 2016இல் 47 சதவீதம், 2022இல் 72 சதவீதம். ஜனநாயகக் கட்சியினரிடம் அதே எண்ணம் 35இலிருந்து 63க்கு ஏறியது. முன்பெல்லாம் ஒரே தெருவில், ஒரே தேவாலயத்தில், ஒரே தொழிற்சங்கத்தில் இரண்டு கட்சிக்காரர்களும் இருந்தார்கள். இன்று மதம், நிறம், படிப்பு, நகரமா கிராமமா என்பதெல்லாம் கட்சியோடு ஒரே கோட்டில் வந்து நிற்கின்றன என்கிறார் அரசியல் அறிஞர் லிலியானா மேசன். ஒருவரை ஒருவர் பார்க்காதவர்கள் ஒருவரை ஒருவர் கற்பனை செய்துகொள்கிறார்கள். மோர் இன் காமன் அமைப்பு 2019இல் வெளியிட்ட ஆய்வில், எதிர்த்தரப்பில் தீவிரக் கருத்துடையவர்கள் உண்மையில் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று இரு தரப்பினருமே நினைத்தது தெரிந்தது. கொள்கைகளில் உள்ள இடைவெளியைவிட எதிராளியைப் பற்றிய அச்சம் பெரிது. அச்சம் இருக்கும் இடத்தில் சப்பைக்கட்டு சுலபமாக எடுபடும்: அவர்கள் அவ்வளவு மோசமானவர்கள், நம் ஆள் செய்தது கொஞ்சம் அதிகம்தான், ஆனால்… என்று அந்த வாக்கியம் நீளும்.

அந்த ‘ஆனால்’ சொல்லப்படாத ஒரு தருணத்தை ஓக்லஹோமா சிட்டியில் பார்க்கலாம். 1995 ஏப்ரல் 19, காலை 9 மணி 2 நிமிடம். வாடகை லாரியில் ஏற்றப்பட்ட இரண்டு டன்னுக்கும் மேற்பட்ட அமோனியம் நைட்ரேட் உரமும் எரிபொருளும் வெடித்து, ஒன்பது மாடி ஆல்ஃப்ரெட் மர்ரா மத்திய அரசுக் கட்டடத்தின் முகப்பைப் பிளந்தது. 168 பேர் இறந்தார்கள். அவர்களில் 19 பேர் குழந்தைகள், பெரும்பாலும் இரண்டாம் தளத்துக் குழந்தைகள் காப்பகத்தில் இருந்தவர்கள். அந்த இடத்தில் இப்போது இரண்டு பெரிய வெண்கல வாயில்கள் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்றில் 9:01 என்றும் மற்றொன்றில் 9:03 என்றும் பொறித்திருக்கிறது. நடுவில், முன்பு தெரு இருந்த நீளத்துக்கு, ஆழமில்லாத நீர்த்தடாகம். ஒருபுறம் புல்சரிவில் 168 காலி நாற்காலிகள். வெண்கல முதுகு, கண்ணாடி அடிப்பாகம், அந்தக் கண்ணாடியில் ஒரு பெயர். ஒன்பது மாடிகளுக்கு ஒன்பது வரிசை. யார் எந்த மாடியில் இருந்தாரோ அந்த வரிசையில் அவர் நாற்காலி. 19 நாற்காலிகள் மட்டும் சிறியவை. இரண்டாவது வரிசையில் அவற்றில் பெரும்பாலானவை அடுத்தடுத்து நிற்பதைப் பார்க்கிறவர்களுக்கு, அந்தக் காலையில் அந்தத் தளத்தில் என்ன இருந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. இருட்டியதும் கண்ணாடிகளுக்குள் விளக்கு எரிகிறது. எதிர்ப்புறம் ஓர் எல்ம் மரம். வாகன நிறுத்துமிடத்தில் யாரும் கவனிக்காமல் நின்றிருந்த அது, வெடிப்பில் கருகியும் பிழைத்துத் துளிர்த்தது. அதன் விதைகளிலிருந்து வளர்த்த கன்றுகளை ஆண்டுதோறும் மக்களுக்குக் கொடுக்கிறார்கள்.

வெடித்த முதல் சில மணிநேரங்களில் தொலைக்காட்சிகள் மத்திய கிழக்கு நாட்டினரைத் தேடச் சொன்னன. பிடிபட்டவன் திமோத்தி மெக்வே, வளைகுடாப் போரில் பதக்கம் வாங்கிய அமெரிக்க ராணுவ வீரன். எண் பலகை இல்லாத காருக்காக நெடுஞ்சாலைக் காவலர் ஒருவர் அவனை நிறுத்தியபோது வெடிப்பு நடந்து ஒன்றரை மணிநேரம்கூட ஆகவில்லை. 1993இல் இதே ஏப்ரல் 19இல் டெக்சாஸின் வேகோவில் மத்தியப் படைகளின் முற்றுகை தீயில் முடிந்ததற்குப் பழிவாங்குவதாக அவன் நினைத்தான். மத்திய அரசின் மேல் கோபம் அன்று வலதுசாரிகளிடையே பரவலாக இருந்தது. தேசிய ரைஃபிள் சங்கம் சற்று முன்புதான் உறுப்பினர்களுக்கு அனுப்பிய நிதி திரட்டும் கடிதத்தில், மத்திய அதிகாரிகளை நாஜிப் படையினரைப்போல வர்ணித்திருந்தது. குண்டுவெடிப்புக்கு இரண்டு வாரம் கழித்து, குடியரசுக் கட்சியின் முன்னாள் அதிபர் ஜார்ஜ் புஷ், மூத்தவர், அந்தச் சங்கத்தின் ஆயுள் உறுப்பினர் பதவியைத் தூக்கி எறிந்து பகிரங்கக் கடிதம் எழுதினார். அவருடைய பாதுகாப்புப் பிரிவில் பணியாற்றிய ஒருவரும் அந்தக் கட்டடத்தில் இறந்திருந்தார். சங்கத் தலைமை மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. மாநில ஆளுநர் ஃபிராங்க் கீட்டிங் குடியரசுக் கட்சி, அதிபர் கிளின்டன் ஜனநாயகக் கட்சி. இருவரும் ஒரே மேடையில் நின்று துக்கம் அனுசரித்தார்கள். சதர்ன் பாவர்ட்டி லா சென்டரின் கணக்கில் 1996இல் 858 வரை ஏறிய அரசெதிர்ப்புக் குழுக்கள் 2008இல் 149ஆகக் குறைந்தன. காவல்துறை நடவடிக்கைகளுக்கும் வழக்குகளுக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. ஆனால் அந்தக் குழுக்களிலிருந்து விலகிய ஆயிரக்கணக்கானோரைப் போலீஸ் பிடிக்கவில்லை. அந்தச் சிறிய நாற்காலிகளுக்குப் பிறகு, அந்தக் குழுக்களுக்கு ஆதரவாகப் பேச மதிப்புள்ள ஒருவரும் முன்வரவில்லை.

பேச வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு விஸ்கான்சின் மாநிலத்தின் ஓக் கிரீக் சாட்சி. 2009 ஏப்ரலில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஓர் அறிக்கை தயாரித்தது. வலதுசாரித் தீவிரவாதம் மீண்டும் தலைதூக்குகிறது, ராணுவத்திலிருந்து திரும்பியவர்களைத் தங்கள் பக்கம் இழுக்கத் தீவிரவாதிகள் குறிவைக்கிறார்கள் என்று அது எச்சரித்தது. பழமைவாதத் தலைவர்களும் முன்னாள் படைவீரர் அமைப்புகளும் கொதித்தெழுந்தன. ஒபாமா அரசு எதிர்த்து நிற்கவில்லை. அறிக்கையைத் திரும்பப் பெற்றது, அதை எழுதிய பிரிவையும் கலைத்தது. கோழைத்தனம் ஒரு கட்சிக்கு மட்டும் சொந்தமில்லை. மூன்று ஆண்டு கழித்து, 2012 ஆகஸ்ட் 5, ஞாயிற்றுக்கிழமை, ஓக் கிரீக் குருத்வாராவில் சமையற்கட்டில் மதிய உணவு தயாராகிக்கொண்டிருந்தபோது ஆறு பேரைச் சுட்டுக் கொன்றவன், வெள்ளை இனவெறி இசைக்குழுக்களில் வாசித்துவந்த முன்னாள் ராணுவ வீரன். பஞ்சாபிலிருந்து போய் அங்கே பெட்ரோல் நிலையங்களும் கடைகளும் நடத்திய பல குடும்பங்களின் வழிபாட்டிடம் அது. அன்று சுடப்பட்டுப் பக்கவாதத்தில் கிடந்த ஏழாமவர் 2020இல் இறந்தார். பிரார்த்தனைக் கூடத்துக்குள் போகிற வாசல் சட்டத்தில் குண்டு துளைத்த ஓட்டை ஒன்றை அடைக்காமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். வணங்க வருகிறவர்கள் அதைக் கடந்துதான் உள்ளே போகிறார்கள். கொல்லப்பட்ட குருத்வாரா தலைவரின் மகன் பர்தீப் கலேகாவும், மில்வாக்கியில் இனவெறிக் கும்பலை வளர்த்துப் பின் அதிலிருந்து வெளியேறிய ஆர்னோ மைக்கேலிஸும் சேர்ந்து பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசினார்கள். வெறுப்பிலிருந்து வெளியே வந்தவன் சொன்னால்தான் வெறுப்பில் இருக்கிறவன் கேட்பான் என்பதை அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

சொந்தத் தரப்பே பேசிய இன்னோர் இடம், தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் இமானுவேல் தேவாலயம். 2015 ஜூன் 17 இரவு பைபிள் வகுப்பில் ஒரு மணிநேரம் கூடவே உட்கார்ந்திருந்த 21 வயது வெள்ளை இளைஞன், போதகரும் மாநில செனட்டருமான கிளமென்டா பிங்க்னி உட்பட ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான். உள்நாட்டுப் போரில் அடிமைமுறைக்காகப் போரிட்ட கூட்டமைப்பின் கொடியோடு அவன் எடுத்துக்கொண்ட படங்கள் வெளிவந்தன. அதே கொடி மாநிலத் தலைநகர் கொலம்பியாவில் சட்டமன்ற வளாகத்தில் பறந்துகொண்டிருந்தது. அதை இறக்க வேண்டும் என்று கறுப்பின மக்கள் பல ஆண்டுகள் கேட்டும் நடக்காதது, 23 நாளில் நடந்தது. குடியரசுக் கட்சி ஆளுநர் நிக்கி ஹேலி முன்னின்றார். குடியரசுக் கட்சியே பெரும்பான்மையாக இருந்த கீழவை 94க்கு 20 என்று வாக்களித்தது. ஜூலை 10ஆம் தேதி கொடி இறங்கியது. ஒரு துணியை இறக்குவதால் என்ன மாறிவிடும் என்று கேட்டவர்கள் உண்டு. வெறுப்புக் குற்றங்களுக்கெனத் தனிச்சட்டம் அந்த மாநிலத்தில் இன்றுவரை நிறைவேறவில்லை என்பதும் உண்மை. ஆனால் கொலைகாரன் தன்னுடையது என்று நம்பிய அடையாளத்தை, அவன் தன் இனம் என்று நம்பியவர்களே கைவிட்டார்கள். இனப்போரைத் தொடங்கிவைப்பதாக அவன் நினைத்திருந்தான். அந்தப் போருக்கு யாரும் வரவில்லை.

சொந்தத் தரப்பு கைதட்டினால் என்ன ஆகும் என்பதை வாஷிங்டனில் பார்க்கலாம். அங்கே நாடாளுமன்றக் கட்டடத்தைச் சுற்றிக்காட்டக் கட்டணமில்லை. பழைய செனட் அவை மண்டபத்தில், 1856 மே 22 அன்று, அடிமைமுறையைக் கண்டித்துப் பேசிய மாசசூசெட்ஸ் செனட்டர் சார்ல்ஸ் சம்னரைத் தென் கரோலினாவின் கீழவை உறுப்பினர் பிரஸ்டன் புரூக்ஸ் கைத்தடியால் அது முறியும்வரை அடித்தார். சம்னர் முழுமையாகப் பணிக்குத் திரும்ப மூன்று ஆண்டுகளுக்கும் மேலானது. அடித்தவர் பதவி விலகினார். உடனே சொந்தத் தொகுதி மக்கள் அவரைத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். தென்மாநிலங்களிலிருந்து அவருக்குப் பரிசாகப் புதுக் கைத்தடிகள் வந்து குவிந்தன. ஐந்து ஆண்டுக்குள் உள்நாட்டுப் போர். அடித்த ஒருவரால் அந்தப் போர் வந்துவிடவில்லை. கைத்தடி அனுப்பியவர்களின் மனநிலை அதற்குள் முற்றியிருந்தது. இந்தக் கட்டடத்துக்கு எல்லா வகைத் தீவிரவாதிகளும் வந்துபோயிருக்கிறார்கள். 1954இல் பியூர்டோ ரிக்கோ தேசியவாதிகள் மேல்மாடத்திலிருந்து சுட்டு ஐந்து உறுப்பினர்களைக் காயப்படுத்தினார்கள். 1971இல் வியட்நாம் போரை எதிர்த்த வெதர் அண்டர்கிரவுண்ட் என்ற இடதுசாரிக் குழு கழிவறையில் குண்டு வைத்தது.

2021 ஜனவரி 6 அன்று, தேர்தல் முடிவை ஏற்காத கூட்டம் இந்தக் கட்டடத்துக்குள் புகுந்தபோது ஏறக்குறைய 140 காவலர்கள் காயமடைந்தார்கள். அடுத்த சில வாரங்களில் ஓக்லஹோமா போன்ற ஒரு தருணம் வருவதுபோல் இருந்தது. குடியரசுக் கட்சித் தலைவர்களே கடுமையாகப் பேசினார்கள். செனட்டில் அக்கட்சியின் தலைவர் மிட்ச் மெக்கானல், நடந்ததற்கு டிரம்ப்பே பொறுப்பு என்று சொன்னார். சொன்ன அதே நாளில் அவரை விடுவிக்கவும் வாக்களித்தார். 57க்கு 43, பதவிநீக்கத் தண்டனைக்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. பிறகு கண்டனம் மெல்ல மெல்லச் சமாதானமாக மாறியது. கலவரம் என்பது ஊர்வலமாயிற்று, சிறையில் இருந்தவர்கள் பணயக் கைதிகளானார்கள். 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற அதே நாளில், டிரம்ப் ஏறக்குறைய 1,500 பேருக்குப் பொதுமன்னிப்பு அளித்தார். காவலர்களைத் தாக்கித் தண்டனை பெற்றவர்களும் அதில் அடக்கம். அந்தக் காவலர்களைக் கௌரவிக்கும் ஒரு பலகையை ஓராண்டுக்குள் வைக்க வேண்டும் என்று 2022 மார்ச்சில் நிறைவேறிய சட்டம் சொன்னது. கெடு முடிந்து ஆண்டுகள் போனபின்பும், 2025 வரை, பலகை வைக்கப்படவில்லை. நாடாளுமன்றக் காவல்துறை விசாரித்த மிரட்டல்கள் 2017இல் 3,939, 2021இல் 9,625. 2025இல் அதைவிடவும் கூடின.

இந்த வாதத்துக்கு வரும் முதல் ஆட்சேபம், இடதுசாரிகள் மட்டும் யோக்கியமா என்பது. இல்லை. 2016இல் டாலஸில் ஐந்து காவலர்களைக் கொன்றவன் வெள்ளைக் காவலர்களைக் கொல்ல வந்தவன். 2017இல் அலெக்சாண்ட்ரியாவில் பேஸ்பால் பயிற்சியில் இருந்த குடியரசுக் கட்சி உறுப்பினர்களைச் சுட்டவன் இடதுசாரி செனட்டர் பெர்னி சாண்டர்ஸின் பிரசாரத்தில் தொண்டனாக இருந்தவன். செப்டம்பர் 11ஐ விட்டுவிட்டு 1990களிலிருந்து எண்ணினால் உயிர்ப்பலியில் பெரும்பங்கு தீவிர வலதுசாரிகளுடையது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கு ஒரு பக்கத்துக்கு நற்சான்றிதழ் ஆகாது. சாண்டர்ஸ் அன்றே செனட்டில் எழுந்து, அவன் என் ஆதரவாளன், அவன் செய்ததை நான் முழுமையாகக் கண்டிக்கிறேன் என்ற பொருளில் பேசினார். அது சரியான செயல். 2024 டிசம்பரில் ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத் தலைவர் நியூயார்க் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, முற்போக்காளர்கள் பலர் கொண்டாடினார்கள். அது சரியில்லை. காப்பீட்டு நிறுவனங்களின் மேல் நியாயமான கோபம் இருக்கிறது என்ற பதில், மத்திய அரசின் மேல் நியாயமான கோபம் இருக்கிறது என்று 1995இல் யாரும் சொல்லத் துணியாத அதே பதில்.

இவர்கள் மனநலம் கெட்ட தனி ஆட்கள், இதில் அரசியல் எங்கே வந்தது என்பது இரண்டாவது ஆட்சேபம். சிலரைப் பொறுத்தவரை அது சரி. 2024 ஜூலையில் பென்சில்வேனியாவின் பட்லரில் டிரம்ப்பைச் சுட்டவனின் நோக்கம் இன்றுவரை தெளிவாகவில்லை. ஆனால் குழம்பிய மனம் எந்தப் பக்கம் பாய்வது என்பதைத் தன்னைச் சுற்றிக் கேட்கும் பேச்சிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. துப்பாக்கிகள்தாம் காரணம், மக்கள்தொகையைவிட அவை அதிகம் என்பார்கள் சிலர். சாவு எண்ணிக்கையை அது கூட்டுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தச் சட்டங்கள் மாறியே ஆக வேண்டும். ஆனால் ஓக்லஹோமாவில் 168 பேரைக் கொன்றது வயலுக்குப் போடும் உரம். நான் அதிகம் மதிக்கும் ஆட்சேபம் வேறு: பேச்சின் மேல் பழிபோட ஆரம்பித்தால் அரசு அதைச் சாக்காக வைத்துப் பேச்சையே அடக்கும். 2025 செப்டம்பரில் பழமைவாதப் பிரசாரகர் சார்லி கர்க் கொல்லப்பட்டபின், சமூக ஊடகத்தில் எழுதியதற்காக ஆசிரியர்களும் ஊழியர்களும் வேலை இழந்ததைப் பார்த்தோம். அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் இந்தக் கடமையை அரசிடம் கொடுக்கக் கூடாது என்கிறேன். தன் தரப்பைத் தானே கண்டிப்பதற்குச் சட்டம் தேவையில்லை. அரசு தலையிட்டால் தண்டிக்கப்படுவது எப்போதும் எதிர்த்தரப்பாகவே இருக்கும்.

கர்க் கொல்லப்பட்டது யூட்டா மாநிலத்தின் ஓரெமில், மலைகள் சூழ்ந்த யூட்டா வேலி பல்கலைக்கழகத்தின் திறந்த முற்றத்தில், மாணவர்களோடு விவாதம் நடத்திக்கொண்டிருந்தபோது. அதற்கு மூன்று மாதம் முன்பு, ஜூன் 14 அதிகாலையில், மினசோட்டா கீழவையின் ஜனநாயகக் கட்சித் தலைவர் மெலிசா ஹார்ட்மனையும் அவர் கணவரையும் போலீஸ்போல வேடமிட்ட ஒருவன் அவர்கள் வீட்டில் சுட்டுக் கொன்றிருந்தான். அந்தக் கொலையைக் குடியரசுக் கட்சி செனட்டர் ஒருவர் சமூக ஊடகத்தில் கேலி செய்தார். பின்னர் பதிவை நீக்கினார். யூட்டாவின் குடியரசுக் கட்சி ஆளுநர் ஸ்பென்சர் காக்ஸ் வேறு மாதிரி. 2020இல் தன்னை எதிர்த்துப் போட்டியிட்ட ஜனநாயகக் கட்சிக்காரர் கிறிஸ் பீட்டர்சனோடு ஒரே காட்சியில் தோன்றி, யார் ஜெயித்தாலும் முடிவை ஏற்போம் என்று விளம்பரம் செய்தவர் அவர். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் பின்னர் நடத்திய பெரிய பரிசோதனையில் நல்ல பலன் காட்டிய முயற்சிகளில் அந்த விளம்பரமும் ஒன்று. கர்க் கொலைக்குப் பிறகும் பழிவாங்கும் பேச்சை நிறுத்தச் சொல்லி அவர் வேண்டினார். செப்டம்பர் 21 அன்று அரிசோனாவில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் கர்க்கின் மனைவி எரிகா, கணவரைக் கொன்ற இளைஞனை மன்னிப்பதாகச் சொன்னார். அதே மேடையில் அவருக்குப்பின் பேசிய அதிபர் டிரம்ப், தான் எதிரிகளை வெறுப்பதாகவும் அவர்களுக்கு நல்லது நினைக்கவில்லை என்றும் சொன்னார். ஒரே மேடை, ஒரே கூட்டம், இரண்டு பேச்சுக்கும் கைதட்டல். அமெரிக்கா எந்தப் பேச்சைப் பின்பற்றும் என்பது இன்னும் முடிவாகவில்லை.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் தமிழ்ப் பெற்றோர் ஏராளம். அங்கேயே குடியுரிமை பெற்று வாக்களிக்கும் தமிழர்களும் ஏராளம். அவர்கள் இரண்டு கட்சிகளிலும் இருக்கிறார்கள். நயாகராவுக்கு ஒதுக்கும் நாட்களில் ஒன்றை இந்த ஊர்களில் ஏதாவது ஒன்றுக்கு ஒதுக்குங்கள், பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். வாக்களிக்கிறவர்கள் உங்கள் கட்சிக்காரரிடம் ஒரு கேள்வியாவது கேளுங்கள்: நம் பக்கத்து ஆள் கொன்றபோது நீங்கள் என்ன பேசினீர்கள்? ஓக்லஹோமாவின் நாற்காலிகள் இருக்கும் திறந்தவெளி நினைவிடம் இரவு பகல் எந்நேரமும் திறந்திருக்கும். நுழைவுக் கட்டணம் இல்லை.